அணைத்தால் போதுமா? டீசல் ஜெனரேட்டரை முறையாக நிறுத்துவது எப்படி

பெட்ரோல் இன்ஜினை நிறுத்த வேண்டுமானால் தீப்பொறியைத் துண்டித்தால் போதும். டீசல் இன்ஜினிலோ துண்டிப்பதற்குத் தீப்பொறியே கிடையாது. சிலிண்டருக்குள் இழுத்த காற்றை ஏறத்தாழ 16-இல் ஒரு பங்காக இறுக்கி, அதன் வெப்பத்தை 500 பாகை செல்சியஸுக்கு மேல் ஏற்றி, அந்தக் காற்றில் பீய்ச்சப்படும் எரிபொருள் தானாகவே பற்றிக்கொள்ளும்படி செய்வதுதான், ருடால்ஃப் டீசல் 1897-இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் வெற்றிகரமாக ஓட்டிக் காட்டிய இயந்திரத்தின் அடிப்படைத் தத்துவம். இயந்திர முறையில் மட்டும் இயங்கும் பழைய வகை டீசல் இன்ஜின் ஒருமுறை ஓடத் தொடங்கிவிட்டால், பேட்டரியைக் கழற்றி எடுத்துவிட்டாலும் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். ஆகவே அதை முறையாக நிறுத்த இரண்டே வழிகள்தான் உண்டு: எரிபொருளை நிறுத்த வேண்டும், அல்லது காற்றை நிறுத்த வேண்டும். மற்ற வழக்கமான முறைகளெல்லாம், சாவியைத் திருப்புவது முதல் சிவப்புப் பட்டனைத் தட்டுவது வரை, இந்த இரண்டில் ஒன்றைச் செய்து முடிப்பதற்கான ஏற்பாடுகளே.

தமிழ்நாட்டில் 2008-க்குப் பிந்தைய மின்வெட்டு ஆண்டுகளில் அடுக்குமாடிக் குடியிருப்பு, கல்யாண மண்டபம், நூற்பாலை, மருத்துவமனை, நகைக்கடை என எங்கும் குடியேறிய டீசல் ஜெனரேட்டர்களைப் பெரும்பாலும் இயக்குபவர்கள் காவலாளிகளும் கட்டட எலக்ட்ரீஷியன்களுமே. ஸ்டார்ட் செய்வது எப்படி என்பதை விற்பனையாளரின் ஆள் வந்து இரண்டு மூன்று முறை செய்து காட்டிவிட்டுப் போகிறார். நிறுத்துவது எப்படி என்பதைச் சாவியை மறுபக்கம் திருப்புவதோடு முடித்துவிடுகிறார். டர்போ பழுது, உருகிப்போன பேரிங், எரிந்த லிஃப்ட் மோட்டார் ஆகியவற்றுக்கான செலவுக் கணக்கில் இந்தக் கற்பித்தல் குறைக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை அதே விற்பனையாளரின் சர்வீஸ் பிரிவு நன்கு அறியும்.

லோடை இறக்குவதே முதல் வேலை

இன்ஜினும் அதனோடு இணைந்த ஆல்டர்னேட்டரும் சேர்ந்ததே ஜெனரேட்டர். நான்கு துருவங்கள் கொண்ட ஆல்டர்னேட்டர் நிமிடத்துக்கு 1500 சுற்று சுழலும்போது 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் தருகிறது. இந்தச் சுழற்சியைக் கட்டுக்குள் வைத்திருப்பது கவர்னர் எனப்படும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி. லோடு ஏறினால் கூடுதல் எரிபொருளும் லோடு இறங்கினால் குறைந்த எரிபொருளும் செல்லும்படி அது பார்த்துக்கொள்கிறது. பிரேக்கரை அணைக்காமல் இன்ஜினை மட்டும் அணைத்தால், சுழற்சி படிப்படியாக விழும்போது மின்னழுத்தமும் அதிர்வெண்ணும் சேர்ந்தே சரிகின்றன. அந்தச் சில நொடிகளில் ஓடிக்கொண்டிருக்கும் ஏ.சி. கம்ப்ரெஸர்களும் தண்ணீர் மோட்டார்களும் குறைந்த அழுத்தத்தை ஈடுகட்ட அதிக மின்னோட்டத்தை இழுத்துச் சூடாகின்றன. கான்டாக்டர்கள் எனப்படும் காந்தச் சுவிட்சுகள் ஒட்டவும் முடியாமல் விடவும் முடியாமல் படபடத்துத் தம் முனைகளைக் கருக்கிக்கொள்கின்றன. லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுவிடுகிறது.

ஆகவே நிறுத்துவதில் முதல் படி, இன்ஜினைத் தொடாமல் லோடை மட்டும் விலக்குவது. பெரிய லோடுகளை ஒவ்வொன்றாக அணைத்து, பிறகு ஜெனரேட்டரின் பிரேக்கரைத் திறந்து, சேஞ்ச்ஓவர் சுவிட்சை ஈ.பி., அதாவது மின்வாரியப் பக்கம் மாற்றிய பின்னும், இன்ஜினை லோடு இல்லாமல் மூன்று முதல் ஐந்து நிமிடங்கள் ஓடவிட வேண்டும் என்பது தயாரிப்பாளர்கள் பெரும்பாலோர் தரும் அறிவுரை. ‘கரண்ட் வந்துவிட்டது, இனி எதற்கு வெட்டியாக டீசலை எரிக்க வேண்டும்’ என்ற சிக்கன உணர்ச்சியில் எல்லோரும் முதலில் பலிகொடுப்பது இந்த ஐந்து நிமிடங்களைத்தான்.

இந்த ஓட்டத்தின் தேவை டர்போசார்ஜரில் மிகத் தெளிவாகத் தெரியும். இன்ஜினிலிருந்து வெளியேறும் புகையின் விசையால் சுழன்று, உள்ளே போகும் காற்றை அழுத்தித் தரும் அந்தச் சிறு விசிறி, முழு லோடில் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளைத் தாண்டிச் சுழலக்கூடியது. அதன் ஒரு பக்கத்தில் 500 பாகைக்கு மேற்பட்ட புகையும், நடுவே விரல் பருமனுள்ள தண்டைத் தாங்கும் பேரிங்குகளில் மெல்லிய எண்ணெய்ப் படலமும் இருக்கின்றன. அந்த எண்ணெயை அனுப்பும் பம்ப் இன்ஜினின் சுழற்சியால்தான் ஓடுகிறது. முழு லோடில் இருக்கும் இன்ஜினைப் படக்கென்று அணைத்தால், எண்ணெய் வரத்து சில நொடிகளில் நின்றுபோகிறது. டர்போவின் சுழற்சி அதன் பிறகும் தொடர்கிறது. சுழற்சியும் ஓய்ந்த பின், காய்ந்த உலோகத்தின் சூடு பேரிங்குக்குள் ஏறி, அங்கே தேங்கிய எண்ணெயை அடிபிடித்த வடைச்சட்டியின் கசடுபோல் கருக்கிவிடுகிறது. ஒருநாள் செய்வதால் ஒன்றும் ஆகாது. மின்வெட்டுக் காலத்தில் ஒரே நாளில் பலமுறை, மாதக்கணக்கில் இப்படிச் செய்யப்படும்போது கசடு சேர்ந்து எண்ணெய் வழி குறுகி, பேரிங் தேய்ந்து, ஒருநாள் டர்போ கத்தத் தொடங்குகிறது.

குளிர்நீருக்கும் இதே கதிதான். தண்ணீர் பம்ப் நின்றதும் சிலிண்டர் தலைப்பகுதியிலும் புகைக்குழாய் முகப்பிலும் தேங்கிய வெப்பம், அசையாமல் நிற்கும் நீருக்குள் இறங்கி அதைக் கொதிக்க வைக்கிறது. அணைத்த பிறகு வெப்பமானியின் முள் மேலே ஏறுவதைக் கண்டு திகைக்கும் ஆபரேட்டர்கள் உண்டு. ஆனால் லோடில்லா ஓட்டத்தையும் அளவுக்கு மீறி நீட்டிக்கக் கூடாது. சிலிண்டர் போதிய சூடின்றி நெடுநேரம் ஓடினால் டீசல் முழுமையாக எரியாமல் புகைக்குழாயில் கரிய பிசுக்காகப் படியும்.

மின்வெட்டை உணர்ந்து ஜெனரேட்டரைத் தானே இயக்கி நிறுத்தும் ஏ.எம்.எஃப். பேனல் இருக்கும் இடங்களில் இந்த வரிசை முழுவதும் எழுதிவைத்தபடி நடக்கிறது. ஈ.பி. மின்சாரம் திரும்பியதும் பேனல் உடனே மாறிவிடுவதில்லை; மின்சாரம் நிலையாக இருக்கிறதா என்று முன்கூட்டி அமைத்த நேரம்வரை பார்த்துவிட்டு லோடை மாற்றுகிறது, பின்னர் குளிர்விப்பு நேரத்தை எண்ணி முடித்து, அதன் பிறகே இன்ஜினுக்கு நிறுத்தக் கட்டளை அனுப்புகிறது. கட்டளை அனுப்பிய பின்னும் எண்ணெய் அழுத்தமோ ஆல்டர்னேட்டர் மின்னழுத்தமோ குறையாமல் இருந்தால், ‘நிற்கவில்லை’ என்று எச்சரிக்கை எழுப்பும் வசதியும் பெரும்பாலான கட்டுப்பாட்டுப் பெட்டிகளில் உண்டு. சத்தமில்லாத அந்தக் குளிர்விப்பு எண்ணிக்கை நடந்துகொண்டிருக்கும்போது பொறுமையிழந்த ஒருவர் பேனலை மேனுவலுக்கு மாற்றி அணைத்துவிடுவதைத் தடுக்கும் வசதி மட்டும் பெரும்பாலும் இருப்பதில்லை.

எரிபொருளை நிறுத்தும் கை

லோடு இறங்கி இன்ஜின் ஆறிய பிறகு எரிபொருளை நிறுத்த வேண்டும். அதைச் செய்யும் உறுப்பு இன்ஜினின் தலைமுறைக்கேற்ப மாறுகிறது. மிகப் பழையது நேரடியான நெம்புகோல். எரிபொருள் பம்புக்குள் ரேக் எனப்படும் பல்வைத்த கம்பி ஒன்று முன்பின் நகர்ந்து, ஒவ்வொரு சிலிண்டருக்கும் எவ்வளவு டீசல் போக வேண்டும் என்பதை நிர்ணயிக்கிறது. அதைப் பூஜ்ய நிலைக்குத் தள்ளினால் இன்ஜின் நின்றுவிடும். பழைய லாரிகளிலும் பேருந்துகளிலும் ஓட்டுநர் இழுக்கும் குமிழும், விசைப்படகின் இன்ஜின் அறையிலிருந்து மேல்தளத்துக்குப் போகும் கம்பியும் இந்த ரேக்கைத்தான் இழுக்கின்றன. எளிமையும் நம்பகமும் கொண்ட முறை இது. பல மாதங்கள் ஓடாமல் கிடந்து, பழைய டீசல் பிசினாகி ரேக் ஒட்டிக்கொண்டால் மட்டுமே கைவிடும்.

அடுத்த தலைமுறையில் சொலினாய்டு வந்தது. மின்சாரம் பாய்ந்ததும் ஒரு இரும்புத் தண்டை இழுக்கும் மின்காந்தச் சுருள் அது. அதைப் பொருத்துவதில் ஒன்றுக்கொன்று நேரெதிரான இரண்டு முறைகள் இருப்பதைப் பேனலைப் பராமரிப்பவர் தவிர வேறு யாரும் பெரும்பாலும் அறிவதில்லை. முதல் முறையில், மின்சாரம் இருக்கும்வரை சொலினாய்டு எரிபொருள் வழியைத் திறந்து வைத்திருக்கும். மின்சாரம் போனால் ஸ்பிரிங் அதை மூடிவிடும். ஒயர் அறுந்தாலும், பேட்டரி செத்தாலும், ஃபியூஸ் போனாலும் இன்ஜின் நின்றுவிடும். இரண்டாம் முறையில், நிறுத்தும்போது மட்டும் மின்சாரம் பாய்ந்து சொலினாய்டு ரேக்கை இழுக்கும். பேட்டரி செத்துக் கிடந்தால் சாவியைத் திருப்பினாலும் பட்டனை அழுத்தினாலும் இன்ஜின் காதில் வாங்காது. பொதுக் கட்டடங்களுக்கு முதல் முறையே பாதுகாப்பானது. இரண்டாம் முறை பொருத்தப்பட்ட ஜெனரேட்டர் உள்ள இடத்தில், பம்பின் கை நெம்புகோல் எங்கே இருக்கிறது என்பதை ஆபரேட்டர் இருட்டிலும் தடவிக் காட்டத் தெரிந்திருக்க வேண்டும்.

இன்றைய மின்னணு இன்ஜின்களில் ரேக்கும் இல்லை, நெம்புகோலும் இல்லை. கணினிக் கட்டுப்பாட்டுப் பெட்டி இன்ஜெக்டர்களுக்கு அனுப்பும் கட்டளையை நிறுத்திக்கொள்கிறது, அவ்வளவுதான். காமன் ரெயில் எனப்படும் இந்த அமைப்பில் எல்லா இன்ஜெக்டர்களுக்கும் பொதுவான குழாயில் டீசல் 1,600 பார் அளவுக்கும் அதற்கு மேலும் அழுத்தப்பட்டு நிற்கிறது. பழைய மெக்கானிக்குகள் அடங்காத இன்ஜினை நிறுத்த ஸ்பானரால் உயரழுத்தக் குழாயின் நட்டைத் தளர்த்துவார்கள். அதே பழக்கத்தைக் காமன் ரெயில் இன்ஜினில் காட்டினால் ஊசிபோல் பாயும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கும், வெளியில் சிறு புள்ளியாகத் தெரியும் அந்தக் காயத்துக்கு உடனடி அறுவை சிகிச்சை தேவைப்படும்.

செய்யக் கூடாத இரண்டு முறைகள் கிராமங்களிலும் சிறு பட்டறைகளிலும் இன்னும் புழக்கத்தில் உள்ளன. ஒன்று, டேங்க் வால்வை மூடிவிட்டுக் காத்திருப்பது. குழாயிலும் ஃபில்ட்டரிலும் இருக்கும் டீசல் தீரும்வரை இன்ஜின் ஓடிக்கொண்டுதான் இருக்கும்; தீரும்போது திணறித் திணறி நிற்கும்; குழாய்க்குள் காற்று புகுந்து ஏர் லாக் ஆகிவிட்டதால், மறுபடி ஸ்டார்ட் செய்யுமுன் பம்பிலும் ஃபில்ட்டரிலும் திருகைத் தளர்த்தி ஏர் எடுத்தாக வேண்டும். நள்ளிரவில் மின்சாரம் போனபோது இந்த வேலை காத்திருந்தால் அந்த ஜெனரேட்டர் இருந்தும் இல்லாததற்குச் சமம். மற்றொன்று, கிணற்றடி ஆயில் இன்ஜின்களில் டீகம்ப்ரெஷன் நெம்புகோலைத் தூக்கி நிறுத்துவது. வால்வைத் திறந்தே பிடித்து, சிலிண்டரில் அழுத்தம் உண்டாகாமல் செய்யும் அந்த நெம்புகோல், கைப்பிடியால் சுழற்றி ஸ்டார்ட் செய்யும்போது சுழற்சியை இலகுவாக்குவதற்காக வைக்கப்பட்டது. ஓடும் இன்ஜினில் அதைத் தூக்கினால் எரிதல் நிற்கும், ஆனால் பம்ப் டீசலைப் பீய்ச்சுவது நிற்காது. எரியாத டீசல் சிலிண்டர் சுவரின் எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி எண்ணெயை நீர்க்கச் செய்கிறது. பக்கத்திலேயே இருக்கும் எரிபொருள் நெம்புகோலைத் தள்ளுவதற்கும் அதே அளவு முயற்சிதான்.

சிவப்பு நிறக் காளான் வடிவ எமர்ஜென்சி பட்டனையும் இந்த வரிசையில் சேர்க்க வேண்டியிருக்கிறது, அது தவறான கருவி என்பதால் அன்று. அன்றாடம் தவறாகப் பயன்படுத்தப்படுகிறது என்பதால். குளிர்விப்பு நேரத்தைத் தாண்டி, லோடோடு சேர்த்து இன்ஜினை அந்தக் கணமே நிறுத்துவதற்காக வைக்கப்பட்டது அது. தீ, மின்தாக்குதல், உடைந்த விசிறி, சிக்கிக்கொண்ட துணி ஆகியவற்றின்போது டர்போவைப் பற்றிக் கவலைப்பட நேரமில்லை. கைக்கு எட்டுகிறது என்பதற்காகத் தினமும் அதையே தட்டுகிறவர், ஒவ்வொரு முறையும் அவசரகால நிறுத்தத்தின் தேய்மானத்தை இன்ஜினுக்குக் கொடுக்கிறார்.

தறிகெட்டு ஓடும் இன்ஜின்

எரிபொருளை நிறுத்தினால் இன்ஜின் நிற்கும் என்ற விதி உடைந்துபோகும் ஒரு நிலை உண்டு. காற்று வழியாகவே எரியக்கூடிய பொருள் சிலிண்டருக்குள் வந்துகொண்டிருந்தால், பம்பை மூடினாலும், சொலினாய்டு விழுந்தாலும், சாவியைக் கையில் எடுத்துக்கொண்டாலும் இன்ஜின் வேகமெடுத்துக்கொண்டே போகும். வேகமெடுக்க எடுக்க அது மேலும் காற்றை இழுக்கும், அந்தக் காற்றோடு மேலும் எரிபொருளும் வரும். கவர்னருக்கு இதில் எந்தப் பிடியும் இல்லை. உதிரிகள் பிய்த்துக்கொண்டு பறக்கும்வரை அல்லது எரிவதற்கு எதுவுமில்லாமல் போகும்வரை இது தொடரும்.

இந்த எரிபொருள் இரண்டு இடங்களிலிருந்து வரலாம். ஒன்று இன்ஜினின் சொந்த எண்ணெய். டர்போவின் சீல் போய்விட்டால் பேரிங் எண்ணெய் நேராகக் காற்றுக் குழாய்க்குள் கசியும். எண்ணெய்த் தொட்டியில் குறியீட்டுக்கு மேல் ஊற்றிவிட்டால் தண்டு சுழலும் அடிப்பெட்டியான கிராங்க் கேஸின் காற்றுக்குழாய் வழியே எண்ணெய் ஏறும். பழைய டிராக்டர்களிலும் பம்ப்செட்டுகளிலும் உள்ள எண்ணெய்த் தொட்டி ஏர் ஃபில்ட்டரில் அளவுக்கு அதிகமாக எண்ணெய் நிரப்பினால் அதையும் இன்ஜின் உறிஞ்சிக்கொள்ளும். குளிர்விக்காமல் அணைத்து அணைத்துக் கெடுத்த டர்போவும், நிறுத்த முடியாத இன்ஜினும் ஒரே சங்கிலியின் கண்ணிகள் என்பது இங்கே புலப்படும்.

மற்றொன்று சுற்றுப்புறத்தில் கசியும் எரிவாயு அல்லது எரியாவி. 2005 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டி நகரில் பி.பி. நிறுவனத்தின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில், அளவுக்கு மீறி நிரம்பிய ஒரு கோபுரத்திலிருந்து வழிந்த எரியக்கூடிய திரவம், காற்றில் திறந்திருந்த வெளியேற்றக் குழாய் வழியே பீறிட்டு ஆவி மேகமாகப் பரவியது. அருகில் இன்ஜின் அணைக்கப்படாமல் நின்ற ஒரு டீசல் பிக்கப் வண்டி அந்த ஆவியை உள்ளிழுத்துத் தானாக வேகமெடுத்தது. அதுவே தீ மூட்டியிருக்க வேண்டும் என்று அமெரிக்க வேதிப்பொருள் பாதுகாப்பு வாரியத்தின் விசாரணை கருதியது. 15 பேர் இறந்தனர், 180 பேர் காயமடைந்தனர். ஐந்து ஆண்டுகள் கழித்து, 2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் துளையிடும் மேடையில் கிணற்றிலிருந்து பீறிட்ட எரிவாயு மேடையைச் சூழ்ந்தபோது, ஜெனரேட்டர் இன்ஜின்கள் கட்டுமீறி வேகமெடுத்ததையும், விளக்குகள் வழக்கத்துக்கு மாறாகப் பிரகாசித்ததையும், அதைத் தொடர்ந்து வெடித்ததையும் உயிர் தப்பியவர்கள் சாட்சியத்தில் விவரித்தனர். அங்கே இறந்தவர்கள் 11 பேர். விளக்குகள் பிரகாசித்ததற்குக் காரணம் எளியது: ஆல்டர்னேட்டரின் சுழற்சி ஏறினால் மின்சாரமும் ஏறும்.

இந்நிலையில் மிஞ்சுவது இரண்டாவது வழியான காற்றடைப்பு மட்டுமே. காற்றுக் குழாயில் ஒரு மடிப்புக் கதவைப் பொருத்தி, குறித்த வேகத்தைத் தாண்டியதும் அது ஸ்பிரிங் விசையால் அறைந்து மூடிக்கொள்ளும்படி செய்யும் காற்றடைப்பு வால்வுகள் கடல்சார் எண்ணெய்த் தொழிலிலும் சுரங்கங்களிலும் வழக்கத்தில் உள்ளன. டெட்ராய்ட் டீசல் நிறுவனத்தின் இரண்டடிப்பு இன்ஜின்களில் இத்தகைய கதவு பல பத்தாண்டுகளுக்கு முன்பே இருந்தது. ஆனால் அதையும் அன்றாட நிறுத்தத்துக்குப் பயன்படுத்தக் கூடாது, ஏனெனில் மூடிய கதவுக்குப் பின்னால் உண்டாகும் உறிஞ்சல், எண்ணெய் சீல்களைப் பிடுங்கிவிடும். இந்தியாவில் எண்ணெய் நிறுவன வளாகங்களுக்குள் நுழையும் வண்டிகளின் புகைக்குழாயில் தீப்பொறித் தடுப்பான் பொருத்தச் சொல்லுகிறார்கள். நல்ல ஏற்பாடுதான், ஆயினும் அது புகை வெளியேறும் வாயைக் காக்கிறதே ஒழிய, காற்று நுழையும் வாயைக் காப்பதில்லை. எரிவாயு சிலிண்டர் தொகுதியும் ஜெனரேட்டரும் ஒரே சுவரின் இருபுறமும் அமைந்திருக்கும் கட்டடங்களின் உரிமையாளர்கள் இதை நினைவில் கொள்வது நல்லது.

காற்றடைப்பு வால்வு இல்லாத இன்ஜின் தறிகெட்டால் என்ன செய்வது என்பதற்கு நேர்மையான விடை, பெரும்பாலும் விலகி ஓடுவதே. ஏர் ஃபில்ட்டர் வாயை உள்ளங்கையாலோ சட்டையாலோ பொத்த முயல்வது கையை இழப்பதற்கான வழி. துணியை இன்ஜின் விழுங்கிவிடும். வாயைவிட அகலமான கெட்டிப் பலகையோ தகடோ கைக்கெட்டும் தூரத்தில் இருந்து, அணுகவும் பாதுகாப்பான வழி இருந்தால் மட்டும் அதை வைத்து மூடலாம். கார்பன் டை ஆக்ஸைடு தீயணைப்பானை உறிஞ்சு வாய்க்குள் பீய்ச்சுவதும் பலன் தருவதுண்டு. ஃப்ளைவீலுக்கும் ரேடியேட்டர் விசிறிக்கும் நேர்கோட்டில் நிற்கக் கூடாது, உடையும் துண்டுகள் முதலில் அந்தத் திசையில்தான் பாயும். கியர் வண்டியாக இருந்தால் பிரேக்கை முழுதும் மிதித்து, உயர்ந்த கியரில் போட்டு கிளட்சை விட்டு இன்ஜினைத் திணறடிக்கலாம். ஜெனரேட்டருக்கு அந்த வழியும் இல்லை.

நிற்கக் கூடாத இன்ஜின்கள்

சாதாரண ஜெனரேட்டரில் எண்ணெய் அழுத்தம் குறைந்தாலும், குளிர்நீர் சூடேறினாலும், சுழற்சி 110 முதல் 115 சதவீதத்தைத் தாண்டினாலும் இன்ஜின் தானாக நிற்கும்படி பாதுகாப்புகள் வைக்கப்படுகின்றன. ‘சென்சார் தொந்தரவு’ என்று சொல்லி எண்ணெய் அழுத்தச் சுவிட்சின் ஒயரைப் பிடுங்கிவிட்டு ஓட்டும் வழக்கம் நம் ஊரில் பரவலாக இருக்கிறது. சில நூறு ரூபாய் உதிரியை மாற்ற மனமில்லாமல் பல லட்சம் ரூபாய் இன்ஜினைப் பணயம் வைக்கும் இந்தச் சாமர்த்தியத்துக்கு மன்னிப்பே கிடையாது.

ஆனால் இதே பாதுகாப்புகளை வேண்டுமென்றே விலக்கிவைக்கும் இடங்களும் உண்டு. தீயணைப்புத் தண்ணீர் பம்பை ஓட்டும் டீசல் இன்ஜின், எண்ணெய் அழுத்தம் குறைந்தாலும் எச்சரிக்கை ஒலிக்குமே தவிர நிற்காது. அதிவேகத்துக்கு மட்டுமே நிற்கும். கட்டடம் எரிந்துகொண்டிருக்கையில் இன்ஜினைக் காப்பாற்றுவது யாருக்கும் முதல் கவலையாக இருக்க முடியாது. அணுமின் நிலையங்களின் அவசரகால ஜெனரேட்டர்களிலும், உலைக்கு ஆபத்தான நிலையில், அதிவேகம், ஆல்டர்னேட்டரின் உள்பழுது ஆகிய மிகச் சில காரணங்கள் தவிர மற்றவை புறக்கணிக்கப்படும்படி அமைப்பது வழக்கம். 2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் புகுஷிமா டாய்ச்சி அணுமின் நிலையத்தில் நிலநடுக்கத்துக்குப் பின் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த ஜெனரேட்டர்களை நிறுத்தியது கடல் வெள்ளம்; தப்பிப் பிழைத்து ஓடியது, ஆறாம் உலைக்கான, நீரால் குளிர்விக்கத் தேவையில்லாத ஒன்று மட்டுமே.

வெள்ளம் நமக்கும் அந்நியமானதன்று. 2015 டிசம்பரில் சென்னையில் தாழ்தளங்களில் நிறுவப்பட்டிருந்த ஜெனரேட்டர்கள் நீரில் மூழ்கின. நீர் ஏறிவருவது தெரிந்தால், அது ஆல்டர்னேட்டரையோ காற்று உறிஞ்சும் வாயையோ தொடுமுன் லோடை விலக்கி நிறுத்திவிடுவதே அறிவு. ஓடும்போதே நீரை உறிஞ்சிய இன்ஜினுக்குள், இறுக்க முடியாத நீர் பிஸ்டனைத் தடுத்து, கனெக்டிங் ராடை வளைத்துவிடும். மூழ்கி எழுந்த ஜெனரேட்டரை வெயிலில் காயவைத்து ஸ்டார்ட்டரைத் தட்டிப் பார்ப்பதும் அதே கேட்டையே விளைவிக்கும். எண்ணெயை வடித்து, சிலிண்டரில் நீர் இல்லை என்பதை உறுதிசெய்து, ஆல்டர்னேட்டர் சுருள்களின் காப்பை மெகர் கருவியால் அளந்த பின்னரே தொட வேண்டும்.

நின்ற பிறகு

இன்ஜின் ஓசை அடங்கியதும் வேலை முடிந்துவிட்டதாக எண்ணுவது மனித இயல்பு. கப்பலில் அப்படி எண்ணுவதில்லை. பெரிய கப்பல் இன்ஜினை நிறுத்திய பின்னும் எண்ணெய், குளிர்நீர் பம்புகளைத் தனியாக ஓடவிட்டு, டர்னிங் கியர் கொண்டு தண்டை மெல்லச் சுழற்றி, சூடு சீராக இறங்கும்வரை பொறியாளர்கள் காத்திருக்கிறார்கள். இன்ஜின் ஆறும்வரை கிராங்க் கேஸ் கதவைத் திறப்பதே இல்லை. அந்த விதிக்குப் பின்னால் உயிர்கள் இருக்கின்றன. 1947 செப்டம்பர் 11 அன்று வட அயர்லாந்துக் கடற்கரைக்கு அருகே, சோதனை ஓட்டத்தில் இருந்த ரெய்னா டெல் பசிஃபிகோ என்ற பயணிகள் கப்பலின் இன்ஜின் அறையில் கிராங்க் கேஸ் வெடித்து 28 பேர் இறந்தனர். சூடேறிய பாகத்தில் ஆவியாகும் எண்ணெய், குளிர்ந்த இடத்தில் நுண்பனியாக மாறி காற்றோடு கலந்து நின்றால், அது வெடிக்கத் தேவை ஒரு சூடான புள்ளியும் சற்றே கூடுதல் காற்றும்தான். அவசரமாகக் கதவைத் திறப்பவர் அந்தக் காற்றைத் தாமே கொண்டுபோய்க் கொடுக்கிறார்.

கட்டட ஜெனரேட்டரில் ஆபத்து வேறு உருவில் வருகிறது. பேனல் ‘ஆட்டோ’ நிலையில் இருந்தால், நின்றிருக்கும் ஜெனரேட்டர் உண்மையில் காத்திருக்கும் ஜெனரேட்டர், ஈ.பி. மின்சாரம் கண் சிமிட்டினால் போதும், பெல்ட்டில் கை வைத்திருப்பவரைப் பொருட்படுத்தாமல் அது ஓடத் தொடங்கிவிடும். பராமரிப்புக்காகக் கேனோபிக் கதவைத் திறக்குமுன் பேனலை ‘ஆஃப்’ நிலைக்கு மாற்றி, எமர்ஜென்சி பட்டனை அழுத்தி வைத்து, சார்ஜரை அணைத்து, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, யாரும் மறுபடி இணைக்காதபடி பூட்டும் அட்டையும் தொங்கவிட வேண்டும். இன்ஜின் நின்றாலும் சேஞ்ச்ஓவர் சுவிட்சின் ஒரு பக்கத்தில் ஈ.பி. மின்சாரம் உயிரோடு இருப்பதையும் மறக்கலாகாது. அந்தச் சுவிட்சே இல்லாமல் பிளக் வைத்து வீட்டு ஒயரிங்கில் நேராகச் சொருகும் சிறு ஜெனரேட்டர்கள், தெருவில் கம்பம் ஏறி வேலை செய்யும் மின்வாரிய ஊழியருக்கு மின்சாரத்தைத் திருப்பி அனுப்புகின்றன. ‘லைன் ஆஃப்’ என்று நம்பிக் கம்பியைத் தொடுகிறவர் அவர்.

பேட்டரியைக் கழற்றுவதிலும் இப்போது ஒரு புதிய ஒழுங்கு வந்திருக்கிறது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் நான்காம் கட்டத்துக்கு மேற்பட்ட விதிகள் 2023 ஜூலை 1 முதல் 800 கிலோவாட் வரையிலான புதிய ஜெனரேட்டர்களுக்கு நடைமுறைக்கு வந்தன. அவற்றுள் பலவற்றில் நைட்ரஜன் ஆக்ஸைடுகளைக் குறைக்க யூரியா கரைசல் புகைக்குழாயில் தெளிக்கப்படுகிறது. இன்ஜின் நின்ற பிறகு அந்தக் கரைசல் குழாயிலேயே தங்கிப் படிகமாக இறுகாமலிருக்க, அமைப்பு அதைத் தொட்டிக்குத் திருப்பி இழுத்துக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுக்கும், பி.எஸ். 6 லாரிகளிலும் இதே ஏற்பாடுதான். பழைய வழக்கப்படி சாவியைத் திருப்பிய கையோடு பேட்டரி ஐசொலேட்டரையும் அணைத்துவிட்டால் தெளிப்பான் அடைத்துக்கொள்ளும். ஒருகாலத்தில் பேட்டரியே தேவைப்படாத இன்ஜின், இன்று தான் நின்ற பிறகும் பேட்டரியைக் கேட்கிறது.

குடியிருப்போர் சங்கங்கள் ஜெனரேட்டரின் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது ஆயில் மாற்றம், ஃபில்ட்டர் மாற்றம் ஆகியவற்றோடு மூன்று சோதனைகளையும் எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும்: எமர்ஜென்சி பட்டன் உண்மையில் வேலை செய்கிறதா, எண்ணெய் அழுத்தப் பாதுகாப்பு இணைக்கப்பட்டிருக்கிறதா, பேனலில் குளிர்விப்பு நேரம் எவ்வளவு நிமிடமாக அமைக்கப்பட்டிருக்கிறது. நிறுத்தும் வரிசையைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதிப் பேனலின் கதவில் ஒட்டி, இரவுப் பணியில் இருக்கும் காவலாளியை ஒருமுறை தம் கையாலேயே நிறுத்திக் காட்டச் சொல்லிப் பார்க்க வேண்டும்.